விண்கப்பலில் ஐம்பது கிலோ

சண்டை முடிந்த வருஷம் நான் ஒரு விண்கப்பல் கதை எழுதினேன். பூமி வாழ முடியாமல் போய், முந்நூறு பேர் ஒரே கப்பலில் கிளம்புகிறார்கள். கல்முனையில் சிறுபத்திரிகை நடத்திய ஒருவரிடம் கொடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையால் கீறித் திருப்பித் தந்தார்.

"இவ்வளவு சனத்த ஏத்தினா தண்ணி, சாப்பாடு, விதைநெல்லு எல்லாம் எங்க வைக்கிற தங்கச்சி? ஒரு ஆளக் கூட ஏத்தினா ஐம்பது கிலோ சாமான இறக்கோணும். நூறு பேரக் குறைங்க."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அப்ப இறக்குங்க சேர்! சாமானத்தானே இறக்கச் சொல்றன்!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கணக்குத் தெரியாமலா எழுதினேன்? சுனாமி அன்று, கடல் வந்த காலையில் எங்கள் வாசலில் வாப்பாவின் ட்ரக்டர் நின்றது. பின்னால் கொழுவிய பெட்டி நிறைய, வயலுக்குப் போக வேண்டிய யூரியா மூடைகள், கயிறு போட்டு இறுக்கிக் கட்டியபடி. முதல் தண்ணீர் முழங்காலளவு வந்து வடிந்ததும் தெருவே ஓடத் தொடங்கியது. மூடைகளுக்கு மேலே உம்மா, நான், அயல்வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர். "மூடையத் தள்ளி உடுங்க!" என்று உம்மா அலறினார். வாப்பா கேட்கவில்லை. வயலுக்கென்று ஏற்றிய பாரத்தை வழியில் இறக்கினால் அந்த வெள்ளாமையில் பரக்கத்து இருக்காதாம், விளைச்சல் பெருகாதாம். எங்கள் பக்கத்து வயல்காரர் பலருக்கும் இந்தப் பிடிவாதம் உண்டு.

"இடமில்ல மகள், மத்த நடையில ஏத்துறன்," என்று ராத்தாவிடம், என் அக்காவிடம், சொன்னார். அவளும் "ஓம் வாப்பா" என்று மதிலோரம் ஒதுங்கி நின்றாள். சொல் கேட்கிற பிள்ளையாம்! அந்த ஓமை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த நடைக்கு வாப்பா திரும்பியபோது மதிலும் இல்லை, ராத்தாவும் இல்லை. ஒரு மூடை ஐம்பது கிலோ. ராத்தா அவ்வளவுகூட இருக்க மாட்டாள். நானும்தான் மூடைமேல் குந்திக்கொண்டு, வாய் திறக்காமல் போனேன்.

அதனால்தான் என் கப்பலில் சாமான் அறைக்குத் தனிக் கதவு. ஒரே ஒரு கொக்கி. ஒரு கையால் இழுத்தால் மொத்தப் பாரமும் வெளியே போய்விடும். பசிக்கு வழி பிறகு பார்க்கலாம். பத்திரிகைக்காரருக்கு அது பைத்தியக்காரத்தனம். ஒரு ஆளையும் குறைக்க மாட்டேன் என்று தாள்களைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். கதை எங்கேயும் வெளிவரவில்லை.

வாப்பா அதைக் கேட்டு வாங்கிப் படித்தார். படித்து முடித்தும் தாள்களைத் தராமல் வைத்திருந்தார்.

"அந்தக் கொக்கியத் திறக்க எவ்வளவு நேரம் போகும் மகள்?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"ஒரு நிமிஷம்கூடப் போகாது வாப்பா," என்றேன்.