தண்ணீரில் போனதாக எழுதச் சொன்னார்கள்

அந்தக் காலத்தில் தென்காசிப் பக்கம் திருட்டு புரட்டே கிடையாது என்று இப்போது பலர் சொல்லக் கேட்கிறேன். கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கினோம் என்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. பழைய ரெக்கார்டுகளை எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். அவற்றில் சிலவற்றை எழுதியவன் நான்.

முப்பதுகளின் நடுவில் சில வருஷங்கள் போலீசில் ரைட்டராக இருந்தேன். லத்தி பிடித்ததைவிடப் பேனா பிடித்ததே அதிகம். சாரல் மாதங்களில் குற்றாலத்தில் கூட்டம் தாங்காது என்பதால், பெரிய அருவிக்குப் போகும் வழியில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் தற்காலிகமாக ஒரு ஸ்டேஷன் போடுவார்கள். ஒரு சப் இன்ஸ்பெக்டர், நான்கு கான்ஸ்டபிள்கள், நான். ஆனி பிறந்ததும் போவோம், ஆவணி முடிந்து திரும்புவோம். அந்த மூன்று மாதமும் போட்ட சட்டை காயாது. காகிதம் நமுத்துப்போய், எழுதிய எழுத்து பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

குளிக்க வருகிறவர்களுக்கு எச்சரிக்கைப் பலகை எழுதிவைப்பதும் என் வேலைதான். ‘நகை அணிந்து அருவியில் நிற்க வேண்டாம். அறியாதவரிடம் துணிமணியை ஒப்படைக்க வேண்டாம்.’ தார் மையில் எழுதி மரத்தில் கட்டுவேன். வந்தவர்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் அதன்மேல் வேட்டியைக் காயப்போட்டார்கள்.

தென்காசிக் கடைத்தெருக்காரர்கள், சுற்றுப்பட்டிக் காட்டிலிருந்துதான் களவாணிகள் வருகிறார்கள் என்பார்கள். கிராமத்துச் சம்சாரிகளோ, டவுன் ஆட்களை நம்பி மாட்டைக்கூடக் கட்டிவிட்டுப் போகமுடியாது என்பார்கள். எங்களுக்கு இரண்டையும்விடப் பெரிய கவலை எல்லை. செங்கோட்டையும் பண்பொழியும் அப்போது திருவிதாங்கூர் சீமை. பண்பொழித் திருமலைக் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் வழிப்பறி என்று வந்து நின்றால், எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்றுதான் முதலில் கேட்போம். அந்தப் பக்கம் என்றால் எங்களுக்கு நிம்மதி. இந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கமாக இருக்குமோ என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்போம். அடிபட்டு வந்தவனுக்கு அந்தக் கேள்விகள் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு நான் நினைத்துப் பார்த்ததில்லை.

சப் இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் அல்ல. மூன்று பெண்பிள்ளைகள். ஈரத்தில் காலெல்லாம் சேற்றுப்புண். போன சாரலைவிட இந்தச் சாரலில் குற்றம் கூடிவிட்டால் மேலே இருப்பவர்கள் அவரைக் கேட்பார்கள். அதனால் எதையும் உடனே எழுத விடமாட்டார்.

“நல்லாப் பாத்தியளா? துணியில சுத்தியிருக்கும். ரூம்ல போய்த் தேடுங்க” என்று அனுப்பிவிடுவார். பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

ஒரு வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, பதினொரு மணி இருக்கும். ஒரு பெண், முப்பது வயதிருக்கலாம், ஈரச் சேலையோடு உள்ளே வந்தாள். இன்னொரு பெண்ணின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். அது அவள் தங்கை. தங்கைக்குப் புத்தி பேதலித்திருந்தது. அப்படிப்பட்டவர்களை அருவியில் தலைகாட்ட வைத்தால் தெளியும் என்று எங்கெங்கிருந்தோ கூட்டிவருவார்கள். இவர்கள் வாசுதேவநல்லூர்ப் பக்கம், சத்திரத்தில் தங்கியிருந்தார்கள்.

“ஐயா, சங்கிலி போச்சு” என்றாள்.

“எப்படிம்மா போச்சு?”

“தண்ணிக்குள்ள நிக்கையில பின்னால யாரோ வெடுக்குன்னு இழுத்தாவ. ரெண்டு கையாலயும் இவளப் பிடிச்சிருந்தேன். விட்டா ஓடிருவா. திரும்பிப் பாக்கதுக்குள்ள ஒண்ணும் இல்ல.”

கழுத்தின் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. தாலி மஞ்சள் கயிற்றில் இருந்ததால் தப்பியிருந்தது. போனது இரட்டைவடச் சங்கிலி.

“நகையைப் போட்டுக்கிட்டு அருவிக்கு வரலாமா?” என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “சத்திரத்துல நாப்பது பேரு கெடக்காவ. அங்கன வச்சா அங்கன போவும். கழுத்துல போட்டா இங்கன போவுது. பொறவு எங்கனதான் வைக்க?”

நான் தாளை எடுத்து முன்னால் வைத்தேன்.

சப் இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “எண்ணெய் தேய்ச்ச கழுத்து. வழுக்கித் தண்ணியில போயிருக்கும். அப்படியே எழுதும் வே” என்றார். தண்ணீர் கொண்டுபோனால் குற்றம் இல்லை. கேஸும் இல்லை. நான் அப்படியே எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாள்.

மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். தங்கையை வாசல் இறவாரத்தின் கீழ் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்துகொள்வாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. நான் வெளியே போகும்போதும் வரும்போதும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். மூன்றாம் நாள் சப் இன்ஸ்பெக்டர் கோர்ட் வேலையாகத் தென்காசிக்குப் போயிருந்தார். எனக்கு அலுத்துப்போய்விட்டது.

“இப்படி உக்காந்தா சங்கிலி வந்துருமாம்மா?” என்றேன்.

“சங்கிலியக் கண்டுபிடிச்சுத் தாங்கன்னு நான் கேக்கலய்யா. அது மாமியா வீட்டுல போட்டது. இவளுக்கு வைத்தியம் பாக்க அத வித்துட்டேன்னு சொல்லுவாவ. ஏற்கெனவே இவள வீட்டுல வச்சிருக்கேன்னு தெனமும் பேச்சு. களவு போச்சுன்னு முத்திர வச்சு ஒரு காயிதம் குடுங்க. அது போதும்.”

அதுவரை நான் அவளை நகைக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கிறவள் என்றே எண்ணியிருந்தேன். நான் எழுதிய ‘தண்ணீரில் போனது’ என்ற வரி அவள் வீட்டில் அவளைப் பொய்க்காரி ஆக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. புதுத் தாள் எடுத்துக் களவு என்றே பிராது எழுதினேன். இந்தத் தடவை கைநாட்டு வைத்தாள். நகல் நாளைக்குத் தருகிறேன் என்று அனுப்பினேன்.

சாயங்காலம் வந்த சப் இன்ஸ்பெக்டர் அதைப் படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

“எழுதிட்டீரு. சரி. களவுன்னா இனி ஆளு வேணும்லா வே?”

இந்த இடத்தில் ரேகைச் சட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சில ஊர்களில் சில சாதிகளில் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லோருடைய கைரேகையையும் சர்க்கார் வாங்கிவைத்திருந்தது. தப்புச் செய்தவன், செய்யாதவன் என்ற வித்தியாசம் கிடையாது. அங்கே அந்தச் சாதியில் பிறந்தால் போதும். வேலைக்கு எந்த ஊர் போனாலும் அங்குள்ள ஸ்டேஷனில் ஆஜராகி ரேகை வைக்கவேண்டும். அப்படி எங்களிடம் வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர், மரவாடியில் மரம் அறுக்க வாள் இழுக்கிற கூலிக்காரர். நாற்பது வயதிருக்கும். பாதி வேலையில் எழுந்து வருவார். தலைமுடியில் மரத்தூள் அப்பியிருக்கும். மைப்பலகையில் இடது பெருவிரலைத் தானே உருட்டி, நான் காட்டுவதற்கு முன்பே சரியான கட்டத்தில் பதித்துவிட்டுப் போவார். பக்கத்தில் நான் நேரத்தைக் குறிப்பேன்.

“அன்னைக்குக் குத்தாலத்துல இருந்தவன் எவன்? ரெஜிஸ்டரப் பாரும்” என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

சட்டப்படி வந்து ரேகை வைத்ததால்தான் அந்த மரவாடிக்காரர் அன்றைக்குக் குற்றாலத்தில் இருந்தது எங்களுக்குத் தெரியும். மறுநாள் காலையிலேயே இரண்டு கான்ஸ்டபிள்கள் மரவாடிக்குப் போய் அவரைக் கூட்டிவந்துவிட்டார்கள்.

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். “எசமான், நீங்கதான அன்னைக்கு ரேக வாங்குனிய? அந்தப் பிள்ளைக வரும்போது நான் இங்கன வாசல்லதான நின்னேன்?”

உண்மை. அன்றைக்கு நான் காப்பி குடிக்கப் போனதால் அவர் பத்து மணியிலிருந்து இறவாரத்தில் காத்திருந்தார். பத்தரைக்கு ரேகை வாங்கினேன். மழை வலுத்ததால் அங்கேயே ஒதுங்கி நின்றார். அக்காளும் தங்கையும் நனைந்துகொண்டு வந்தபோது விலகி அவர்களுக்கு இடம் விட்டதைக் கூடப் பார்த்திருக்கிறேன்.

“ஐயாகிட்ட சொல்லுதேன்” என்றேன். சொல்லவும் செய்தேன். ஒரே தடவை, மெதுவாக.

சப் இன்ஸ்பெக்டர் ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். “பத்தரைன்னு இருக்கு. எட்டரைன்னு இருந்தா அவன் ரேக வச்சிட்டு அருவிக்குப் போயிருக்கலாம்லா? பிளேடு இருக்கா உம்மகிட்ட?”

மேஜை டிராயரில் இருந்தது. பென்சில் சீவுகிற பிளேடு. நமுத்த காகிதத்தில் மையைச் சுரண்டினால் ஓட்டை விழும் என்றேன். “பாத்துச் சுரண்டும்” என்றார். பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். மாட்டேன் என்று சொல்லவில்லை.

அன்று முழுவதும் பின்கட்டிலிருந்து சத்தம் கேட்டது. நான் பழைய லிஸ்டுகளை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். பிராது நகல் வாங்க அந்தப் பெண் வந்தபோது, இன்றைக்கு முடியாது, நாளைக்கு வா என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அந்த நேரம் பின்கட்டு அமைதியாக இருந்தது.

மறுநாள் காலை அவள் வந்ததும் சப் இன்ஸ்பெக்டரே அவளை உள்ளே கூப்பிட்டார். மரவாடிக்காரரைக் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தினார்கள். இடது கை வீங்கித் தொங்கியது. என் முன்னால் ரெஜிஸ்டர் திறந்திருந்தது. பிளேடை வெளியே எடுத்து வைத்திருந்தேன். இன்னும் சுரண்டவில்லை. ஆனால் எடுத்து வைத்திருந்தேன்.

“பாரும்மா, இவன்தான. அருவிப் பக்கம் இவனப் பாத்தேல்ல?”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தங்கையின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இவுகளா? நாங்க நனஞ்சிட்டு ஓடியாரும்போது இவுக இங்கன வாசல்லல்லா நின்னாவ. ஒதுங்கி எங்களுக்கு எடம் விட்டாவ.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. இவன் இல்லன்னா ஒன் கேஸ மூடிருவேன். சங்கிலி வராது.”

“வராண்டாம்” என்றாள். “இவுகள ஏன் இப்படி அடிச்சு வச்சிருக்கிய?”

அவள் என்னைப் பார்த்து, “நீங்களுந்தான பாத்திய?” என்றாள். நான் தலையை அசைத்தேன். அதுதான் அந்த வழக்கில் நான் சொன்ன சாட்சி. ஓர் எழுத்தறியாத பெண் வாய்விட்டுச் சொன்ன பிறகு, தலையை மட்டும் அசைத்தேன். எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. அப்படி இருந்ததே என்றுதான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மத்தியானம் அவரை விட்டுவிட்டார்கள். துப்புத் துலங்கவில்லை என்று கேஸை மூடினோம். அவளுக்கு முத்திரை வைத்து நகல் கொடுத்தேன். அதை மடித்து ஒரு எண்ணெய்த் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு தங்கையோடு போனாள்.

மரவாடிக்காரர் அதற்கப்புறமும் சாரல் முடிகிற வரை ரேகை வைக்க வந்தார். இடது கை வேலை செய்யவில்லை. வலது பெருவிரலை வாங்கி, பக்கத்தில் ‘இடது கை வீக்கம்’ என்று எழுதினேன். காரணம் எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். ஒரு கையால் வாள் இழுக்க முடியாது. என்ன வேலை செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் அதன்பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

புரட்டாசியில் என்னைத் திருவேங்கடத்துக்கு மாற்றினார்கள். கரிசல் காடு. பருத்தி எடுக்கிற காலத்தில் பொதிகள் களவுபோகும். அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாளே புது அதிகாரி, எதையும் தன்னைக் கேட்காமல் எழுதக்கூடாது என்றார். சரி என்றேன். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கேஸ் விஷயமாகப் போகும் வழியில் வாசுதேவநல்லூரில் பஸ் நின்றது. தண்ணீர் குடிக்க இறங்கினேன். கிணற்றடியில் குடத்தோடு அவள் நின்றாள். நான் மப்டியில் இருந்தும் அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள். தங்கை எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன்.

“இருக்கா. சோறு பொங்குதா, கோலம் போடுதா. அப்பப்ப எந்திரிச்சுப் போயிருவா. தேடிக் கூட்டியாரேன்.”

“அந்தக் காயிதம்?”

“எங்க வீட்டுல வாசிக்கத் தெரிஞ்சவுக யாரு? முத்திரையப் பாத்தாவ. பேச்சு நின்னுட்டு. அவ்வளவுதான்.” குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டவள், போகாமல் நின்றாள். “அந்த மரம் அறுக்குதவுக எப்படி இருக்காவ? கை சரியாயிட்டா?”

குற்றாலத்தை விட்டு வந்தபிறகு நான் அவரைப் பற்றி யாரிடமும் விசாரித்ததில்லை.

“சரியாயிட்டு தாயி. நல்லா இருக்காரு” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். நான் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.