சதாசிவம் பெயரில் முப்பத்திரண்டு பாட்டு

ஜம்புநாதனுக்குக் காலை ஒன்பது மணிக்குள் நான்கு பேர் மேல் கோபம் வந்துவிடும். முதலில் பால்காரன் மேல். அப்புறம், தில்லியில் பிலஞ்சி கிராமத்துச் சந்தில் அவர் வீட்டு மாடிப்படியை அடைத்துக்கொண்டு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் போகிறவன் மேல். மூன்றாவதாக, சாலைக்கு அந்தப் பக்கம் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு வானத்தை மறைத்துக் கட்டடம் எழுப்பும் சர்க்கார் மேல். நான்காவது தன் மேலேயே. முதல் மூன்றும் காபி குடித்தால் தணிந்துவிடும்.

எண்பத்தொரு வயது. அமைச்சகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்களெல்லாம் துவாரகாவில் சொசைட்டி ஃபிளாட் வாங்கிக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் இருபத்திரண்டு வருஷம் குடியிருந்த இடத்தை விட்டு நகர மனசில்லாமல், எதிர்ச்சாரியில், வெயிலே படாத இரண்டு அறையை வாங்கிக்கொண்டார். அந்த இடம் இப்போது இல்லை. அவருடைய குவார்ட்டர்ஸ் நின்ற இடத்தில் கார் நிறுத்தக் குடைந்திருக்கிறார்கள். தினமும் காய்கறிப் பையோடு அந்த கேட்டருகே ஒரு நிமிஷம் நிற்பார். யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளி இந்தியில் கேட்பான். யாரையும் இல்லை, நான் இங்கே இருந்தவன் என்பார் இவர். “அச்சா, அச்சா” என்பான் அவன். கேட்டைத் திறக்க மாட்டான்.

அங்கிருந்து கோயில். கிருத்திகையானால் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு கட்டாயம் வரும்.

*தை மாசக் குளிரினிலே தயிராலே முழுக்காட்ட*
*மெய் நடுங்க நிற்கிறாயே, வேலவா! - உனக்கும்*
*மத்திய சர்க்கார் வேலையா?*

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சதாசிவத்துக்கு என்ன குறும்பு பாருங்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள். ஜம்புநாதனும் தலையை ஆட்டிவிட்டு விபூதி வாங்கிக்கொண்டு வருவார். அந்தப் பாட்டையும் அதோடு சேர்ந்த முப்பத்தோரு பாட்டையும் எழுதியவர் யார் என்பது தில்லி முழுவதிலும் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ஜம்புநாதன். இன்னொருவர் அவர் மனைவி விசாலாக்ஷி.

எண்பதுகளில் நடந்தது இது. சதாசிவம் மார்க்கெட்டில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்த பாலக்காட்டுக்காரர். கணீரென்ற குரல், ஆர்மோனியம் வேறு வாசிப்பார். ஜம்புநாதன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆபீஸ் துண்டுக் காகிதத்தின் பின்பக்கத்தில் பாட்டு எழுதுகிறவர். சதாசிவம் அந்தப் பாட்டைப் பாட, கேசட் வெளியிடுகிற ஒருவர் கேட்டார். ரொம்பப் பிடித்துப்போயிற்று, எழுதியவர் யாரானாலும் சன்மானம் தருகிறேன் என்றார். அந்த இடத்தில்தான் ஜம்புநாதன் பயந்துபோனார். சர்க்கார் உத்தியோகஸ்தன் வெளியில் காசு வாங்கலாமா? கேசட் அட்டையில் பெயர் வந்து, எவனாவது மொட்டைக் கடுதாசி போட்டு, மெமோ வந்து, விசாரணை வந்து, ஆயுசுக்கும் பிரமோஷன் நின்றுபோய்... எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் கற்பனை பண்ணிவிட்டார். விடிந்ததும் சதாசிவத்திடம் போய், உங்கள் பெயரையே போட்டுவிடுங்கள் என்றார். சதாசிவம் கூச்சப்பட்டார், வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் சரி என்றார். வந்த சன்மானத்தை மட்டும் அப்படியே கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அந்த மனுஷரைத் திட்டக்கூட வழியில்லை. ஜம்புநாதனின் வயிற்றெரிச்சலில் பாதி அதுதான்.

கேசட்டுகள் தில்லித் தமிழர் வீடெல்லாம் போயின. கேசட் காலம் முடிந்ததும் ஜம்புநாதன் எழுதுவதை விட்டார். ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபோதாவது மாலை போட்டார்கள், சமோசா கொடுத்தார்கள். இதிலிருந்து ஓய்வு பெற்றது யாருக்கும் தெரியாது. சதாசிவமும் போய்ச் சேர்ந்தார்.

அதற்கப்புறம் ஒரு நவம்பரில், உயிர்ச்சான்று கொடுக்க பாங்க் வரிசையில் நின்றபோது, அவருக்குக் கீழே வேலை பார்த்த செந்தில்குமார் தன்னுடைய மூன்றாவது கவிதைப் புத்தகத்தை நீட்டினான். சர்வீஸில் இருக்கும்போதே இரண்டு போட்டானாம். “இலக்கியத்துக்கெல்லாம் அனுமதியே வேண்டாம் சார். சன்மானம் வாங்கணும்னா ஒரு அப்ளிகேஷன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவாங்க” என்றான். ஊரார் லீவுக்கெல்லாம் விதி எடுத்துச் சொன்னவர் ஜம்புநாதன். தன் விஷயத்துக்கு மட்டும் அந்த விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கப் பயந்திருக்கிறார். அன்றைக்கு வந்ததுதான் அந்த நான்காவது கோபம். இதை அவர் விசாலாக்ஷியிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கம்.

போன மாதம் ஹம்சா வந்தாள். சதாசிவத்தின் ஒரே பெண், துவாரகாவில் இருக்கிறாள். அப்பாவின் பாட்டு முப்பத்திரண்டையும் புத்தகமாகப் போடுகிறாளாம். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக எதிர்ப்பக்கத்தில் இந்தி எழுத்திலும் அச்சாகிறதாம். மாமாதான் பிழை பார்த்துத் தரவேண்டும், வெளியீட்டு விழாவில் அப்பா எப்படியெல்லாம் பாட்டு எழுதுவார் என்று பத்து நிமிஷம் பேசவும் வேண்டும் என்று கேட்டு, அச்சுத் தாள்களை வைத்துவிட்டுப் போனாள். முதல் தாளில் பெரிய எழுத்தில் ‘இயற்றியவர்: தில்லி சதாசிவம்’. முன்னுரையில் ஹம்சா எழுதியிருந்தாள்: ‘கடைக்கு வரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் கோழைத்தனத்தை அப்பா எவ்வளவு அழகாகக் கேலி செய்தார்!’

ஜம்புநாதன் அந்த வரியை ஏழெட்டுத் தடவை படித்தார். கேசட் போனால் போகட்டும், அது மறைந்துவிடும். புத்தகம் அப்படியில்லை. அச்சேறிவிட்டால் அப்புறம் அவர் செத்தாலும் அவருடையது ஆகாது. விழாவுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. இப்போது வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு, திருத்திய தாளை வாங்க ஹம்சா வந்த அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஹம்சாவின் முகம் வெளுத்துப் போயிற்று. ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்.

“மாமா, நீங்க சொல்றது பொய்னு நான் சொல்லலே. அப்பா இல்லே, கேக்க முடியாது. ஆனா மாமி இருக்கா. மாமி சொன்னான்னா நான் அட்டையையே மாத்திடறேன், பக்கா” என்றாள்.

ஜம்புநாதனுக்கு அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது கல்யாணத்தன்றைக்குக்கூட வந்ததில்லை. விசாலாக்ஷி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஹம்சா நேராகக் கேட்டாள். விசாலாக்ஷி கணவரை ஒரு தரம் பார்த்தாள். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

“இல்லேம்மா. பாட்டெல்லாம் உங்கப்பா எழுதினதுதான். இவர் ஆபீஸ் ஃபைலைத் தவிர எதுவும் எழுதினதில்லே.”

ஹம்சா மாமியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, ஜம்புநாதனின் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போனாள். தாள்களைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஜம்புநாதன் வாயில் வந்தபடியெல்லாம் கத்தினார். புத்தி பேதலித்துவிட்டதா, ஒவ்வொரு பாட்டையும் முத்து முத்தாய்ப் பிரதி எடுத்துக் கொடுத்தவளே நீதானே என்றார். விசாலாக்ஷிக்கு அவர் ஏன் கோபிக்கிறார் என்றே புரியவில்லை.

“யார் வந்து கேட்டாலும் இல்லேன்னு சொல்லணும்னு என்கிட்ட சத்தியம் வாங்கினது யாரு? நீங்க ஏதோ அசட்டுத்தனமா உளறிட்டேள், நானாவது சமாளிக்கணுமேன்னு சொன்னேன். காசு வேற வாங்கியிருக்கோம். பென்ஷன்ல கை வெச்சுட்டான்னா இந்த வயசுல எங்கே போறது?”

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். பாங்க் வரிசையில் செந்தில்குமார் சொன்னதைப் பதினைந்து வருஷம் கழித்து அவளிடம் சொன்னார். ஒன்றும் ஆகியிருக்காது, அன்றைக்கே ஒன்றும் ஆகியிருக்காது என்றார்.

“அப்போ நீங்க எழுதின காகிதத்தையெல்லாம் எதுக்கு என்னை அடுப்புல போடச் சொன்னேள்?” என்று கேட்டாள் விசாலாக்ஷி. திட்டுவது போலக் கேட்டிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பதிலுக்குக் காத்திராமல் அவளே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், எழுதினதெல்லாம் இவர்தான், என் கையால் பிரதி எடுத்திருக்கிறேன் என்று ஹம்சாவிடம் தெளிவாகச் சொன்னாள். குரல் மட்டும் அழுகிற மாதிரி இருந்தது.

“மாமி, நீங்க மொதல்ல சொன்னதுதான் தானா வந்தது” என்றாள் ஹம்சா. அவள் பேச்சில் கோபமே இல்லை, பரிவுதான் இருந்தது. “இப்ப பக்கத்துல மாமா உக்காந்துண்டிருக்கார், இல்லையா? எனக்குப் புரியறது. வயசானா இப்படி ஆறதுதான், அவரைக் கோச்சுக்காதீங்கோ. விழாவுல பேசறதுக்கு வேற ஒருத்தர் கிட்ட சொல்லிட்டேன். அவர் ஸ்ட்ரெஸ் எடுத்துக்க வேண்டாம். நாளைக்கு டிரைவர் பையா வந்து ப்ரூஃபை வாங்கிப்பான்.”

போன் அணைந்தது. மேஜை மேல் தாள்கள் இருந்தன. பிழையெல்லாம் திருத்தியாகிவிட்டது. அவர் எழுதிய பாட்டில் அவருக்குத் தெரியாத வரி எது?

“நான் கெடுத்துட்டேனா?” என்று கேட்டாள் விசாலாக்ஷி.

“இல்லே” என்றார் ஜம்புநாதன். “நான் சொன்னபடிதான் செஞ்சே.”