தங்கராசண்ணன் ரத்தமும் என்னோட ஐஸ் பெட்டியும்

இந்தத் திருப்பூர்ல அடுத்தவங்க ரத்தத்தை எடுத்துட்டுப் போய்ப் பொழைக்கற சீவன் ரெண்டுங்க: ஒண்ணு கொசு, இன்னொண்ணு நானு. கொசு யாருகிட்டயும் கையெழுத்து வாங்கறதில்ல, அதனால அது நிம்மதியா இருக்குது.

இஞ்சினியரிங்கை மூணாவது வருசத்துல அப்படியே விட்டுட்டு வந்தவனுங்க நானு. அதுக்குப் பொறவு ஆறு வேலை மாத்தி ஏழாவதா மாட்டுனது இது. ரத்தம் ஒறையாத வியாதிக்கு மரபணு மருத்துவம்னு ஒண்ணு ஆராய்ச்சி பண்றாங்க, அதுக்கு நான் ஃபீல்டு அசிஸ்டென்ட். கேக்கறதுக்குப் பெருசா இருக்குதல்லங்க? மருந்து ஏத்திக்கிட்டவரைத் தேடிப் புடிச்சு லேபுக்குக் கூட்டிட்டுப் போகோணும், டியூபை ஐஸ் பெட்டில வெச்சு மத்தியானத்துக்குள்ள கோயமுத்தூர் சேத்தோணும், அவரு எழுதுன டைரியை வாங்கிப் பாக்கோணும். அவ்வளவுதான் வேலை. தோள்ல பெட்டிய மாட்டிட்டு வெயில்ல ஓடற நம்ம கூட்டத்துல யாரு இதைப் படிச்சாலும், பாதி உங்களுக்கும் நடந்திருக்கும்.

கேட்டுல விசாரணை

எனக்குன்னு ஒதுக்குனவரு தங்கராசண்ணன். அருள்புரத்துல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் செக்சன். தெச்சு வர்ற பீசுல ஓட்டை, கறை, நூல் விட்டது எல்லாம் பாத்துத் தள்ளற வேலை. அவரு ஒடம்புலயே ஒரு டேமேஜ். ரத்தத்தை ஒறைய வெக்கற சத்து பொறந்ததுல இருந்தே கெடையாது. லேசா முட்டி இடிச்சாக்கூட உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு தேங்காயாட்ட வீங்கிக்கும். பத்து நாள் படுக்கை. அப்படி ஆகாம இருக்கோணும்னா வாரத்துக்கு ரெண்டு மூணு ஊசி, அவரே போட்டுக்குவாரு. இந்த ஊசிக்கு ஒரு முடிவு கெடைச்சாப் போதும்னுதான் இதுல சேந்தாரு.

மொத நாளு அவரைக் கூப்பிட கம்பெனி கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் என்ற பெட்டியப் பாத்துட்டு, பிரியாணியெல்லாம் உள்ள விடமாட்டோம்னாரு. "பிரியாணி இல்லீங்க, தங்கராசண்ணன்கிட்ட ரத்தம் எடுக்கோணும்"னேன். மனுசன் ரெண்டடி பின்னால போயி இன்டர்காம எடுத்தாரு. "சார், கேட்டுல ஒருத்தரு வந்து தங்கராசு ரத்தம் வேணுங்கறாரு. முழுசா வேணுமா, கொஞ்சம் போதுமான்னு கேக்கட்டுங்களா?"

வைரசுங்கற வண்டி

மருந்து ஏத்தறதுக்கு முன்னால ஊட்டுல எல்லாம் புரிய வெக்கோணும். இந்த ஆராய்ச்சிய நடத்தற டாக்டரம்மா ஒரு மணி நேரம் பேசிட்டுப் போயிட்டாங்க. அவங்க போனதும் அண்ணன் சம்சாரம் மல்லிகாக்கா மெதுவா எங்கிட்டத் திரும்புனாங்க. "ஏனுங்க தம்பி, இருக்கற வியாதி பத்தாதுன்னு வைரசையும் ஏத்தறீங்களா?"

நமக்கு வாய்தானுங்க மூலதனம். "அக்கா, வைரசுங்கறது ஒரு வண்டி. அதுல இருந்த கெட்ட சரக்கையெல்லாம் எறக்கிட்டாங்க. பதிலுக்கு அண்ணன் ஒடம்புல இல்லாத ஜீனை ஏத்தி அனுப்பறாங்க. அது ஈரலுக்குப் போயி, துணி வெட்ட அளவு அட்டை குடுக்கறாப்புல, ஒரு பேட்டனைக் குடுக்கும். ஈரல் அதைப் பாத்து அந்தச் சத்தை அதுவே தெச்சுக்கும். ஒரே தடவ டிரிப்ஸ். ஆனா அந்த வைரசு முன்னாலயே எப்பவாச்சும் வந்துட்டுப் போயிருந்தா ஒடம்பு அடையாளம் கண்டு மறிச்சுக்கும், அப்படிப்பட்டவங்களைச் சேத்த மாட்டாங்க. அண்ணனுக்கு டெஸ்டுல அது இல்ல." அண்ணன் முகத்துல பல்பு எரிஞ்சுது. அப்ப நான் சாம்பிள் பீசுங்களான்னாரு. நானும் சொம்மா இருக்காம, "ஆமாங்ணா, நீங்க பாஸானாத்தான் மத்தவங்களுக்குப் பல்க் ஆர்டர் ஓடும்"னுட்டேன். இந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்டது பின்னால வருது. அக்கா மட்டும் இன்னும் ரோசனையாவே இருந்தாங்க. "ஈரலுக்கு இத்தனை வேலை குடுக்கறீங்களே, ஓவர்டைம் உண்டுங்களா?"

கேக்கக் கூடாத கேள்வி

மருந்து ஏத்துன பொறவு கொஞ்ச மாசத்துக்குப் புருசன் பொண்டாட்டி ஆணுறை இல்லாம இருக்கக் கூடாதுங்க. மருந்தோட மிச்சம் மீதி விந்துல வரும்னு ஒரு எச்சரிக்கை. அதை வாராவாரம் கேட்டு ஃபாரத்துல டிக் அடிக்கோணும். கல்யாணமாகாத நானு, கல்யாணமாகி அஞ்சு வருசமான அண்ணன்கிட்ட, கம்பெனிக்கு எதுத்தாப்புல டீக்கடைல நின்னு கேக்கறேன்: "ஏனுங்ணா, அது... பயன்படுத்துனீங்களா?" அவரு டீ கிளாசைப் பாத்துட்டு, "ஆமாங்க தம்பி." "எல்லாத் தடவையுங்களா?" "ஆமாங்க தம்பி." பக்கத்துல பன்னு தின்னுட்டிருந்தவரு, அது எந்தச் சோப்புன்னு கேட்டாரு.

இந்த விசயம் எப்படியோ மல்லிகாக்காவுக்குப் போயிருச்சு. அடுத்த வாரம் மண்ணரைங்கற ஏரியால அவங்க ஊட்டுக்குப் போனப்ப காப்பி டம்ளரை வெச்சுட்டு நேராச் சொன்னாங்க. "தம்பி, அந்தக் கேள்விய மட்டும் என்னையக் கேளுங்க. அவரு வெக்கத்துல எதைக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாரு."

மூணு பாட்டில்

ஏத்துனதுக்குப் பொறவு அஞ்சு வாரம் ராசாவாட்டப் போச்சு. சத்தோட அளவு மெல்ல மெல்ல ஏறுச்சு. ஊசியே இல்ல. அண்ணன் ரெண்டு மாடிப் படி ஏறிட்டு, கீழ எறங்கி வந்து இன்னொருக்கா ஏறுனாரு, சொம்மாவே. ஆறாவது வாரம் அளவு திடீர்னு எகிறுச்சு. ஏழாவது வாரம் தொபுக்குன்னு கீழ உழுந்துச்சு. டாக்டரம்மா மதுரைப்பக்கம், பேச்சுல சர்க்கரையே இருக்காது. போன்ல, "ஏம்ப்பா, டியூப எங்கயும் மாத்தித் தொலைச்சுட்டியா?"ன்னாங்க.

டைரியத் தூக்கிட்டு அண்ணன் ஊட்டுக்குப் போனேன். வலி, வீக்கம், ஊசி, எல்லாக் கட்டத்துலயும் ஓகே, ஓகே, ஓகே. பீசு மேல ஒட்டற ஸ்டிக்கராட்ட வரிசையா இருக்குது. மல்லிகாக்கா ஃப்ரிட்ஜைத் தொறந்து காட்டுனாங்க. அவசரத்துக்குன்னு வெச்சிருந்த மருந்துல மூணு பாட்டில் இருந்துச்சு, இப்ப ஒண்ணுதான் இருக்குது. அண்ணன் காலைக் கட்டிலுக்கு அடில இழுத்துக்கிட்டாரு. கணுக்கால் வீங்கியிருந்துச்சு. அப்பறம் மெதுவாச் சொன்னாரு. "ஆர்டர் குடுக்கற பையர் சரக்குப் பாக்க வர்ற அன்னிக்கு டேமேஜ் பீசையெல்லாம் டேபிளுக்கு அடில தள்ளி உட்டுருவோமுங்க தம்பி. சாம்பிள்ல டேமேஜ் வந்தா ஆர்டரே கேன்சலு. என்னால மத்தவங்களுக்கும் இந்த மருந்து இல்லாமப் போயிருமோன்னு பயந்துட்டனுங்க."

டாக்டரம்மா முன்னால ரெண்டு கைதி

அன்னிக்கே வண்டி புடிச்சுக் கோயமுத்தூர் போனோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பாத்துட்டுச் சொன்னாங்க: உள்ள போன வைரசு வண்டிய ஒடம்பு எதுக்க ஆரம்பிச்சிருக்குது, ஈரல் லேசாச் சூடாயிருக்குது. ஆறாவது வாரமே மாத்திரை ஆரம்பிச்சிருக்கோணும். இவரு திருட்டுத்தனமாப் போட்ட ஊசியால அளவு நல்லாத் தெரிஞ்சு, எல்லாரும் ஒரு வாரம் ஏமாந்துட்டோம். இனி அந்த ஜீன் தங்குமா, மொத்தமாப் போயிருமான்னு சொல்ல முடியாது. போயிருச்சுன்னா இன்னொருக்கா ஏத்தவும் முடியாது, ஒடம்பு வண்டிய அடையாளம் கண்டுக்கிச்சு.

அண்ணன் தலை நிமிரல. என்னைய நீக்கிருவீங்களான்னு மட்டும் கேட்டாரு. நான், அவரு பாஸானாத்தான் பல்க் ஓடும்னு சொன்னது நாந்தாங்க, அவரை ஒண்ணும் சொல்லாதீங்கன்னு ஒப்புக்கிட்டேன். டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டி மேசைல வெச்சாங்க. "உங்கள நீக்கிட்டு நான் யாரத் தேடிப் போக? டேமேஜ் எங்கன்னு பாக்கத்தானப்பா இத்தனை பேரு உக்காந்திருக்கோம். எல்லாம் ஓகேன்னு குத்த ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதாதா?"

மாத்திரை தின்ன பசி

மாத்திரை ஆரம்பிச்சாங்க. அது ஒடம்போட கோவத்தை அடக்கும், பசியக் கெளப்பி உட்டுரும். காலைல எட்டு இட்லி, ஒம்போது மணிக்கு மறுபடியும் பசி. மூஞ்சி பூரியாட்ட உப்பிருச்சு. கம்பெனில கல்யாணக் களைன்னு கிண்டலு. வாராவாரம் நான் டியூபைத் தூக்கிட்டு ஓடுவேன், ரிசல்ட்டு வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது, அவருக்குச் சோறு பத்தாது. அளவு மொதல்ல எறங்குச்சு. அப்பறம் எறங்கறது நின்னுச்சு. மூணு வாரமா அதே எடத்துல அப்படியே நின்னுச்சு. எல்லாரு அளவுக்கும் வரல, ஆனா முன்னாடி ஒண்ணுமே இல்லாதவருக்கு இது பெருசுங்க. எத்தனை வருசத்துக்கு நிக்கும்னு டாக்டரம்மாவுக்கே தெரியாது, தெரியாதுன்னே சொல்லிட்டாங்க. நான் அதைச் சொல்றப்ப மல்லிகாக்கா தோசைக்கல்லை எறக்கவே இல்ல. "நிக்கட்டுங்க தம்பி. இந்த ஊட்டுல இப்பத்திக்கு நிக்காம ஓடறது என்ற அடுப்பு மட்டுந்தான்."

ரெண்டு முட்டி

போன மாசம் டைரி வாங்கப் போயிருந்தேன். அண்ணன் எனக்கு நாற்காலி எடுத்துப்போட எந்திரிச்சவரு, கட்டில் முனைல வலது முட்டிய நங்குன்னு இடிச்சுக்கிட்டாரு. நல்ல சத்தம். அக்கா கை தானா ஃப்ரிட்ஜுக்குப் போயிருச்சு. அண்ணன், "இரு புள்ள, மறைக்கவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம்"னாரு. டாக்டரம்மாவுக்குப் போனைப் போட்டோம். ஐஸ் வைங்க, அசையாதீங்க, வீங்குனா ஒடனே கூப்பிடுங்கன்னாங்க. என்ற பெட்டில இருந்த ஐசை எடுத்துத் துணில சுத்தி வெச்சேன்.

அப்பறம் அவரு பண்ணுனதுதாங்க வேடிக்கை. சட்டைப் பாக்கெட்டுல இருந்து செக்கிங் டேப்பை எடுத்தாரு. அரை மணிக்கு ஒருக்கா வலது முட்டியச் சுத்தி அளக்கறாரு, அப்பறம் எடது முட்டி. எங்கிட்ட டேப்போட முனையக் குடுத்து, இழுத்துப் புடிக்காதீங்க, தளத்தியும் விடாதீங்கன்னு அதட்டறாரு. மூணு மணி நேரம். வெளிய ஷிப்டு முடிஞ்சு வண்டிகளெல்லாம் போயிருச்சு. கடைசித் தடவை ரெண்டு முட்டியையும் ரெண்டு ரெண்டு தரம் அளந்தாரு, டேப்பைச் சுருட்டிக் கீழ வெச்சாரு, மூக்கை உறிஞ்சிக்கிட்டாரு. "ரெண்டும் ஒரே சைசுங்க தம்பி. எழுதிக்குங்க."

டைரில உள்ளதை உள்ளபடி எழுதுங்கன்னு அண்ணன்கிட்டச் சொன்னது நாந்தாங்க, இப்ப இட்லி எண்ணிக்கைல இருந்து பொண்டாட்டி சண்டை வரைக்கும் வாரத்துக்கு ஒரு நோட்டு தீருது, அத்தனையும் படிச்சு டைப் அடிக்கறதும் நானேதாங்க.