முள் நேராக நின்றவரை

முதலாளியின் அண்ணன் மெட்ராஸில் இறந்துபோன செய்தி ஆரணிக்கு வந்தபோது மணி பதினொன்று. மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்களாம். அதற்குள் ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று முதலாளி கிளம்பினார். பட்டு வியாபாரி அவர். அப்பா அவருடைய டிரைவர்.

கார், வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த சின்ன வண்டி. முன்னால் கம்பியை விட்டுச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். முந்தின நாள் அந்தக் கம்பி திருப்பி அடித்ததில் அப்பாவின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதனால் ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் அப்பா. காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"முள்ளு நேரா மேல நிக்குது பாரு, அதத் தாண்டாத" என்றார் அப்பா. வேக மீட்டரில் முள் நேராக நிற்கும் இடம் நாற்பது.

ஆற்காடு தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியபோது பன்னிரண்டரை.

"தம்பி, நீ படிச்சவன், கணக்கு போட்டுச் சொல்லு. போயிடுவமா?" என்றார் பின்சீட்டிலிருந்து முதலாளி.

கல்லில் நூறு சொச்சம் கிலோமீட்டர் இருந்தது. நாற்பதில் போனால் மூன்றைத் தாண்டிவிடும்.

"இப்படியே போனா முடியாதுங்க."

"அப்ப ஜல்தியா ஓட்டு."

"வேணாங்க மொதலாளி, வண்டி தாங்காது" என்றார் அப்பா.

"நீ சும்மா இருப்பா. இருவது வருசமா இத கட்ட வண்டியாட்டம் ஓட்டிகினு இருக்கற. பையன் கணக்குப் பாத்துதான சொல்றான்?"

ஐம்பது. ஐம்பத்தைந்து. கதவுகள் அடித்துக்கொண்டன. கால் வைத்த தகரம் செருப்பைத் தாண்டிச் சுட்டது. எதிரே லாரி வந்தால் அதன் காற்றிலேயே கார் ஓரத்துக்கு ஒதுங்கியது. ஒரு பஸ்ஸை முந்தியபோது படியில் நின்ற கண்டக்டர், "பொம்மக் காரு பறக்குது டோய்!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"சத்தம் மாறுது. காலை எடுடா" என்றார் அப்பா.

"இன்னும் கொஞ்ச தூரம் நைனா."

காவேரிப்பாக்கம் தாண்டியதும் இன்ஜினுக்குள் எதுவோ படாரென்று உடைந்தது. புளியமரத்தடியில் ஒதுக்கினேன். அப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"மணி இன்னும் ஒண்ணு ஆவலயே" என்றார் முதலாளி.

எதிரே கிலோமீட்டர் கல். இருபத்தைந்து நிமிஷத்தில் இத்தனை தூரம் வந்திருக்க முடியாது. திரும்பி மீட்டரைப் பார்த்தேன். எண்களுக்கு அடியில் பொடியாக இங்கிலீஷில் எழுதியிருந்தது: மைல். நாற்பது மைல் என்றால் அறுபத்து நாலு கிலோமீட்டர். நாற்பதிலேயே போயிருந்தால் இரண்டேகாலுக்கு மெட்ராஸ்.

"என் கவனிப்புதாங்க பத்தல" என்று அப்பா அவரிடம் கைகூப்பினார். முதலாளி, வந்த பஸ்ஸை நிறுத்தி ஏறிக்கொண்டார். அவர் போய்ச் சேர்ந்தது நாலு மணிக்கு. காரியம் முடிந்து திரும்பியதும் அப்பாவிடம் சாவியை வாங்கிக்கொண்டார். இப்போது அப்பா சாயப்பட்டறையில் நூல் அலசுகிறார்.

அன்று புளியமரத்தடியில், இழுத்துப்போக லாரி வரும்வரை உட்கார்ந்திருந்தோம். அப்பா வீங்கின கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"மெதுவா போயிருந்தா மூணு மணிக்குள்ள போயிருக்க முடியாதில்ல?"

"முடியாது நைனா."

"அப்ப செரி" என்றார்.