வெள்ளைக் கரையிட்ட அந்துப்பூச்சிகள்

பதினெட்டு வருஷமாக மலைச்சரிவு வீடுகளுக்குத் தபால் சுமந்த சவேதாவுக்கு ஒரு பழக்கம். பட்டப்பகலில் பூவின் மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கறுப்பு அந்துப்பூச்சியைக் கண்டால், பையை இறக்கிவிட்டுக் குனிவாள். சிறகில் சிவப்புப் புள்ளி ஐந்தா, ஆறா என்று எண்ணிக் குறித்துக்கொள்வாள். கணவன் பேத்ரு உயிரோடிருந்தபோது, "நீ லேட்டா வர்றதப் பாத்து, தபாலப் பிரிச்சுப் படிக்கிறியோன்னு ஊரே சந்தேகப்படுது" என்று சீண்டுவான்.

அந்த ஜூலையில் வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெள்ளைக் கரையிட்ட பூச்சிகளைப் பார்த்தாள். படமெடுத்து, குளூஜ் நகரத்தில் பூச்சிகளை ஆராயும் ஓர் அம்மாளுக்கு அனுப்பினாள். அவர் உடனே பதில் எழுதினார். அந்தப் பள்ளத்தாக்கில் அது இதுவரை பதிவானதே இல்லையாம். திங்கட்கிழமை தானே வருவதாகச் சொன்னார்.

புல்வெளி பேத்ருவின் தம்பி தோதெருடையது. வெள்ளிக்கிழமை காலையிலேயே அவன் புல்வெட்டும் இயந்திரத்தோடு வந்துவிட்டான். சவேதா மூன்று நாள் பொறுக்கச் சொல்லிக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மழையாம் அண்ணி. இன்னிக்கு வெட்டினாத்தான் காயும். அழுகிப்போச்சுன்னா, பனிக்காலத்துல ஏழு மாட்டுக்கு நான் எதப் போடுவேன்?"

"பூச்சி இருக்குற அந்த மூலைய மட்டுமாவது விடேன்."

"அங்கதான் புல்லே நல்லாருக்கு."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் புல்லுக்குள் இறங்கினாள்.

காலைப் பனி ஈரத்தில் விறைத்திருந்த பூச்சிகள் பறக்கவில்லை. இயந்திரத்துக்கு முன்னால் ஓடி ஓடி, பூவோடு கிள்ளி மடியில் சேர்த்தாள். தோதெரு வேகத்தைக் குறைத்தான், நிறுத்தவில்லை. இருபத்தாறு தேறின. ஓடைக்கரையில் பூ ஏது? தொட்டால் அரிக்கும் செந்தட்டிப் புதர்தான். அதில் விட்டாள்.

மதியம் வெயில் ஏறியதும் அவை எழும்பி, மொட்டையாகக் கிடந்த வெளிக்கே திரும்பிப்போயின. வெட்டுப்பட்டு வாடிய பூக்களைத் தேடி உட்கார்ந்தன. கையை வீசி விரட்டினாள். நாலடி தள்ளிப்போய் மறுபடியும் உட்கார்ந்தன.

மழை ஒருநாள் முந்திக்கொண்டது. சனிக்கிழமை அவளும் தோதெருவும் வாரிக் குவித்ததுபோகப் பாதிப் புல் நனைந்து நாசமானது.

திங்கட்கிழமை ஆய்வாளர் அம்மாள் வெட்டி மிஞ்சிய ஈரக் கட்டைப்புல்லில் இரண்டு மணி நேரம் தேடினார். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அடுத்த வருஷமாவது ஆகஸ்ட் பிறக்கும்வரை புல்லை வெட்டாமல் விடும்படி நிலத்துக்காரரிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

தோதெரு தொழுவத்தில் நனைந்த புல்லை உதறிக்கொண்டிருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

"கேட்டுப் பாக்குறேன்" என்றாள் சவேதா.