எதிரெதிரே உட்கார்ந்தவர்கள்

நாகல் நகரில் ஆய்வேடுகளுக்கு பைண்டிங் போட்டுத் தரும் கடைக்காரரின் மணிக்கட்டில் எப்போதும் ஏழெட்டு ரப்பர் பேண்டுகள் கிடக்கும். எதையும் வாசித்துப் பார்க்காமல் பைண்டிங் போடமாட்டார்.

சீனத் தத்துவத்தையும் மேற்கத்தியச் சிந்தனையையும் உரையாட வைத்ததாகச் சொல்லிக்கொண்ட என் ஆய்வேட்டில் முதல் பாதி சீனம், மறுபாதி மேற்கு. அட்டைக்குள் இரண்டும் இயல் மாற்றி இயலாகக் கலந்திருந்ததை வாய்மொழித் தேர்வில்தான் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தேர்வாளரோ, இதுவல்லவா உரையாடல் என்றார். பக்க எண்கள் தாவியதைக்கூடப் புதுமை என்றார்.

அன்றே கடைக்குப் போய், "இயலை மாத்தி வச்சுட்டீகளே அண்ணே," என்றேன்.

"ஆமா சார். சீனாக்காரரு பேசி முடிச்சு எந்திரிச்சுப் போன பெறகுதான் வெள்ளைக்காரரு வாராரு. அதான் எதிரெதிரா உக்கார வச்சேன்."

இப்போது நான் முனைவர். அவர் கடையில் மட்டும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.