கழித்தல் கற்றுக்கொடுத்த காக்கா

முதல் நாளே வகுப்பில் ஒரே சிரிப்பு. வாசல் ஓரமாக நின்றிருந்த எனக்கு உள்ளுக்குள் பெருமை.

தாராவி லேபர் கேம்ப் பள்ளியின் இரண்டாம் வகுப்புக்காக நாங்கள் செய்த டேப்லெட் விளையாட்டு அது. செம்பூர் ஆபீஸில் ராகவன் சார் புரோகிராம் எழுதுவார், நான் படம் வரைவேன். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். முன்பு தாராவிக் கடைகளுக்கு போர்டு எழுதினேன்.

திரையில் தட்டு நிறைய இட்லி. இட்லிக்காரர் சிலவற்றை விற்பார். மீதி எத்தனை? சரியாகத் தொட்டால் நட்சத்திரம். தவறினால் ஒரு காக்கா சாய்ந்து இறங்கி, ஒரு இட்லியைக் கவ்விப் பறக்கும். நான் ஆசையாக வரைந்த காக்கா.

அப்போதுதான் காதில் விழுந்தது. "தப்பா அமுக்குடா! காக்கா ஆயேகா!" காக்கா வரும் என்று இந்தியில் ஆசை காட்டினான் ஒரு பையன்.

வகுப்பு முடிந்ததும் ராகவன் சாரும் நானும் நின்ற இடத்துக்கு செல்வி டீச்சர் வந்தார். அவர் வேண்டாம் என்றால் எங்கள் மூன்று மாத வேலை வீண்.

"அண்ணாச்சி, ஒங்க காக்கா அம்புட்டு அழகு. அதாம் வெனையே. கணக்கு தெரிஞ்ச பிள்ளையளும் வேணும்னே தப்பா அமுக்குது."

"காக்காவ எடுத்துடலாமா டீச்சர்?" என்றார் ராகவன் சார்.

"எடுத்தா நாளைக்கு ஒரு பிள்ளை இதத் தொடாது சார்."

நான் டேப்லெட்டில் காக்காவைத் திரும்பத் திரும்பப் பறக்க விட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"நில்லுங்க. இது மூணு இட்லி தூக்குமா?"

"தூக்க வைக்கலாம் டீச்சர்," என்றேன்.

"அப்ப இட்லிக்காரர் எதுக்கு விக்கணும்? காக்காவே கழிக்கட்டுமே!"

"பாவம், அவர் வியாபாரம் படுத்துடுமே," என்று சிரித்தார் ராகவன் சார்.

மாற்றினோம். இப்போது காக்கா முதலிலேயே வந்து தூக்கும். மீதியைச் சரியாகச் சொன்னால் இட்லிக்காரர் துண்டை வீசி விரட்டுவார், அடுத்த தட்டு வரும். தவறினால் ஒன்றும் நடக்காது. காக்கா சுவரில் உட்கார்ந்து காத்திருக்கும்.

மறுபடி போனபோது வகுப்பில் சத்தமே இல்லை. பயந்துவிட்டேன். பிறகு பார்த்தால் பிள்ளைகள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு பிள்ளையின் திரையில் துண்டு பறந்தது. "பாக் கயா!", காக்கா ஓடிப்போச்சு என்று ஒரே கூச்சல்.

"இருக்கட்டும் அண்ணாச்சி," என்றார் டீச்சர். "டேப்லெட்ட இங்கயே வச்சிட்டுப் போங்க."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வகுப்பில் உட்கார்ந்து, பிள்ளைகள் எங்கே சிரிக்கிறார்கள் என்று பாருங்கள். கணக்கை அங்கே வையுங்கள்.